காட்சியும் வாக்கும்: இந்திய – இலங்கை உறவில் ஊடகங்களின் தாக்கம் (1987 – 2014)

முன்னுரை

அன்னவாசல் முதலான உள்நாட்டு ஊர்களையும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய பாக் நீரிணைக் கரையூர்களையும் ஒருங்கே கொண்டது புதுக்கோட்டை மாவட்டம். இலங்கைத் தமிழர் முகாம்கள் இம்மாவட்டத்தின் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் அமைந்துள்ளன. இத்தகைய நிலப்பகுதியில் இலங்கைச் செய்தி அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் வாசிக்கப்படுவதில்லை. ஆனால், மக்களை உலுக்கும் ஒரு செய்தி அரசின் வெளியுறவு முடிவையும் மாற்ற வல்லதா? 1991 வளைகுடாப் போரின் நேரடி ஒளிபரப்பிற்குப் பின் பரவிய ‘சி.என்.என். விளைவு’ என்னும் கருத்தாக்கம், ‘ஆம்’ என விடை கூறும். இந்திய – இலங்கை உறவின் சில கட்டங்களைக் கொண்டு அவ்விடையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1987: அரசின் கையில் ஊடகம்

யாழ்ப்பாண மக்களுக்கான நிவாரணப் பொருள்களுடன் இராமேசுவரத்திலிருந்து சென்ற 19 படகுகளை 1987 ஜூன் 3 அன்று இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய வான்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 25 டன் பொருள்களை வீசின. அவ்விமானங்களில் செய்தியாளர்களும் அழைத்துச் செல்லப்பட்டனர். ஒரு தீபகற்பத்தின் பசிக்கு 25 டன் போதாது; கொழும்புக்கு விடுக்கும் எச்சரிக்கைக்கு அது போதுமானதாக இருந்தது. அவ்வெச்சரிக்கை உலகறிய நிகழ வேண்டும் என இந்திய அரசு விரும்பியதையே செய்தியாளர்களின் உடனிருப்பு காட்டுகிறது.

ஜூலை 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒட்டி இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். அவற்றில் திருகோணமலைத் துறைமுகத்தோடு வானொலியும் இடம்பெற்றது. இலங்கையில் அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனங்கள் அமைக்கும் வசதிகள் பொது ஒலிபரப்பிற்கு மட்டுமே பயன்பட வேண்டும், இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படக் கூடாது என்பது அதன் சாரம். ‘அமெரிக்காவின் குரல்’ நிலையத்தின் விரிவாக்கம் குறித்த இந்தியாவின் ஐயமே இதன் பின்னணி. ஆக, 1987இல் ஊடகம் அரசதந்திரத்தின் கருவியாகவும், பேச்சுவார்த்தைக்குரிய பொருளாகவும் இருந்தது.

2009 – 2013: அரசுகளை மீறிய காட்சிகள்

இறுதிப் போரின்போது வன்னிப் போர்க்களத்திற்குள் சுதந்திரச் செய்தியாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. போர் முடிந்தபின், 2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. மத்தியக் கூட்டணியில் தி.மு.க. அப்போதும் இருந்தது என்பது கருதத்தக்கது.

பின்னர்ப் படைவீரர்களின் கைப்பேசிப் பதிவுகள் வெளிவரத் தொடங்கின. பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூன் மாதம் ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. 2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2013 பிப்ரவரியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாலச்சந்திரனின் ஒளிப்படங்கள் நாளேடுகளில் வெளியாயின. மார்ச் 8 அன்று சென்னை இலயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாநிலைப் போராட்டம் தமிழகமெங்கும் பரவியது. மார்ச் 19இல் தி.மு.க. கூட்டணியிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மார்ச் 21இல் இந்தியா மீண்டும் தீர்மானத்தை ஆதரிக்க, அது 25 வாக்குகள் பெற்று நிறைவேறியது.

2014: அதே காட்சிகள், வேறு வாக்கு

2014 மார்ச் 27 அன்று மூன்றாவது தீர்மானம் வாக்கெடுப்பிற்கு வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. ஆவணப்படங்கள் மறையவில்லை, தமிழகத்தின் உணர்வும் தணியவில்லை, ஆட்சியிலும் மாற்றமில்லை. மாறியவை இரண்டு. ஒன்று, கூட்டணிக்குள்ளிருந்து அழுத்தம் தரக்கூடிய தமிழகக் கட்சி இப்போது அதில் இல்லை. மற்றொன்று, புதிய தீர்மானம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் விசாரணைக்கு வழிவகுத்தது; அது இறையாண்மையில் தலையிடுவதாக இந்தியா கருதியது.

2009இல் கூட்டணி அழுத்தத்திற்கு வாய்ப்பு இருந்தது. மறுக்க இயலாத காட்சிச் சான்று போதிய அளவில் இல்லை. 2014இல் சான்று இருந்தது. அழுத்தத்திற்கான அவ்வாய்ப்பு இல்லை. 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே இரண்டும் ஒருங்கே அமைந்தன. அமெரிக்காவின் முன்முயற்சி, சீனாவின் செல்வாக்கு பற்றிய கவலை ஆகியவற்றையும் ஒதுக்கிவிட இயலாது. எனினும், அமெரிக்க முன்முயற்சி 2014இலும் தொடர்ந்ததால், அது மட்டுமே இம்மாற்றத்தை விளக்காது.

முடிவுரை

ஊடகக் காட்சி தானாக வெளியுறவுக் கொள்கையை மாற்றுவதில்லை. அதனை அதிகார மையத்திற்குக் கொண்டுசெல்லும் அரசியல் வாயில் தேவைப்படுகிறது என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது. ஆகவே ‘சி.என்.என். விளைவு’ இங்கு நிபந்தனைக்கு உட்பட்டே செயற்பட்டுள்ளது. அதே வேளையில், வாக்கெடுப்பைக் கொண்டு மட்டும் ஊடகத்தின் பயனை அளவிடுதல் பொருந்தாது. இந்தியா விலகி நின்றபோதும் 2014ஆம் ஆண்டுத் தீர்மானம் 23 வாக்குகளுடன் நிறைவேறியது. அவ்விசாரணையின் அறிக்கை 2015 செப்டம்பரில் வெளியானது. செய்தியாளர் நுழைய முடியாத களத்தில் நிகழ்ந்தவை உலகின் ஆவணங்களில் இடம்பெற்றுவிட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு நீதி இன்னும் கிட்டவில்லை. ஆயினும், அவர்கள் நீதி கேட்பதற்குரிய சான்று எஞ்சியிருப்பதில் ஊடகத்தின் பங்கு மறுக்க இயலாதது.