எட்டு மணி நேர வேலையும் செல்போன் மணியும்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மேனேஜர் போன் செய்தால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? பிரான்ஸில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. ஒரு காலத்தில் அதே பிரான்ஸின் ஆட்சி காரைக்காலிலும் நடந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1936-ல் காரைக்காலைச் சுற்றியிருந்த தஞ்சாவூர் மாவட்டம் பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்தது. அங்கே 1934-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி, ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளில் வாரம் 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். பாரீஸிலோ 1936 ஜூனில் வாரம் 40 மணி நேரம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சு இந்தியத் தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை.

எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு, புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் வ.சுப்பையா தலைமையில் போராடினார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 1937 ஏப்ரலில், பிரெஞ்சு இந்தியாவுக்கு எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. பிரெஞ்சு இந்தியாவின் பகுதியான காரைக்காலுக்கும் அது சேர்ந்தே வந்தது.

1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்தியாவிடம் வந்தது. அதன் பின் பிரான்ஸில் வந்த மாற்றங்கள் இங்கே வரவில்லை. வேலை நேரத்துக்கு வெளியே சொந்த செல்போனை எடுக்காதது குற்றமல்ல என்று 2004-ல் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஜனவரி 1 முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் இதுபற்றி ஊழியர்களோடு பேசி விதி வகுக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. போனே செய்யக்கூடாது என்று அது தடை போடவில்லை. ஆனாலும் பேச ஓர் இடம் கிடைத்தது.

இந்தியாவில் சுப்ரியா சுலே எம்.பி. 2018-லும் 2025-லும் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இங்கே சட்டமானதில்லை.

அன்று சங்கு ஊதினால் தறி ஆலையிலேயே நின்றுவிடும், தொழிலாளி வீட்டுக்குப் போவார். இன்று தறி சட்டைப் பையிலேயே வருகிறது. வேலை நாள் எங்கே முடிகிறது என்று சட்டம் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 12 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்தக் கேள்வியை இன்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.