எக்ஸ்ரே பார்த்தவர்களுக்காக வழக்குப் போட்ட சுரங்கத் தொழிலாளி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து, இப்போது சுகாதார ஆய்வாளராக இருக்கும் மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், 2025இல் அமெரிக்காவில் சுகாதாரத் துறை ஆட்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அவர்களுக்காக யாராவது வாய் திறந்தார்களா?"

திறந்தார்கள். மருத்துவர்கள் பேசினார்கள், சங்கங்கள் பேசின. ஆனால் என் மனதில் நின்றது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு குரல். அது ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால் 1968க்குப் போக வேண்டும். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியா மலைத்தொடர். அதில் மேற்கு வெர்ஜீனியா ஒரு மாநிலம். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பு நிலக்கரிதான். கரியை வெட்டும்போது பறக்கும் தூசு மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் படிந்துவிடும். பத்து, இருபது வருடத்தில் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். முதலில் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நான்கு படி ஏறினாலே வாங்கும். கடைசியில் படுத்துத் தூங்க முடியாது, உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். 'கருநுரையீரல்' என்று அதற்குப் பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்து, தூசியிலிருந்து ஆளை நகர்த்துவதுதான் ஒரே வழி. பிரிட்டனில் 1940களிலேயே இதற்கு இழப்பீடு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவிலோ கம்பெனி மருத்துவர்கள் பலர், "இது சுரங்கக்காரர்களுக்கு வரும் சாதாரண இளைப்புதான்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1968 நவம்பர் 20. மேற்கு வெர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் என்ற ஊரில் சுரங்கம் வெடித்தது. உள்ளே இருந்த 99 பேரில் 21 பேர் தப்பினார்கள், 78 பேர் இறந்தார்கள். நாடே தொலைக்காட்சியில் அந்தப் புகையைப் பார்த்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் மூன்று மருத்துவர்கள் ஊர் ஊராகப் போனார்கள்: டாக்டர் பஃப், டாக்டர் வெல்ஸ், டாக்டர் ராஸ்முசன். இறந்த தொழிலாளர்களின் கறுத்துப்போன நுரையீரல் துண்டுகளைக் கூட்டங்களில் காட்டி, "வெடித்தால்தான் சாவு என்று நினைக்காதீர்கள், தினமும் உள்ளே இழுக்கிற தூசியும் சாவுதான்" என்று விளக்கினார்கள்.

1969 பிப்ரவரியில் ஒரு சுரங்கத்தில் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் அது ஏறத்தாழ 40,000 பேர் கலந்துகொண்ட வேலைநிறுத்தமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய சொந்தச் சங்கத்தின் தலைமையே அதற்கு அழைப்பு விடவில்லை. கூலி உயர்வும் கேட்கவில்லை. "சட்டம் இல்லையேல் வேலை இல்லை" என்பது ஒன்றுதான் முழக்கம். மூன்று வாரம் கழித்து மார்ச் 11இல் மாநில ஆளுநர் இழப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே ஆண்டு டிசம்பர் 30இல் நாடு முழுமைக்குமான நிலக்கரிச் சுரங்கச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் மூன்று காரியம் செய்தது. சுரங்கக் காற்றில் தூசி இவ்வளவுதான் இருக்கலாம் என்று அளவு வைத்தது. தொழிலாளிக்கு இலவசமாக மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றது. எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தால், சம்பளம் குறையாமல் தூசி குறைந்த இடத்துக்கு மாற்றல் கேட்கும் உரிமையைக் கொடுத்தது.

மறு ஆண்டு இன்னொரு சட்டத்தின் மூலம் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் உருவானது. சுருக்கமாக நயோஷ் என்பார்கள். பின்னாளில் எக்ஸ்ரே வேலையின் தலைமையிடமாக ஆனது மார்கன்டவுன் என்ற ஊரில் இருக்கும் அதன் அலுவலகம்தான்.

அங்கே வேலை பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்ரே வண்டியை ஓட்டிக்கொண்டு சுரங்க வாசலுக்கே போகிறவர். படத்தைப் பார்த்து நோயைப் பிரித்தறியத் தனித்தேர்வு எழுதித் தேறிய மருத்துவர். ஒருவர் பார்த்தால் போதாது, குறைந்தது இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். முடிவு தொழிலாளிக்குத்தான் கடிதமாகப் போகும், கம்பெனிக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பயத்தில் யாரும் எக்ஸ்ரே எடுக்க வரமாட்டார்கள் அல்லவா? நாற்பது, ஐம்பது வருடம் சத்தமில்லாமல் நடந்த வேலை இது.

பலனும் கிடைத்தது. 1990களின் கடைசி வரை நோய் குறைந்துகொண்டே வந்தது. பிறகு மறுபடி தலைதூக்கியது. தடித்த கரிப்படுகைகள் தீர்ந்துபோய், மெல்லிய படுகைகளை எடுக்கப் பாறையையும் சேர்த்து வெட்டினார்கள். பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா கரித்தூசியைவிட மோசமானது. 2018இல் நயோஷ் ஆய்வாளர்கள் இரண்டு உண்மைகளை வெளியிட்டார்கள். வெர்ஜீனியாவில் மூன்றே மூன்று மருத்துவமனைகளில் மட்டும் சில ஆண்டுகளில் 416 பேருக்கு நோயின் முற்றிய நிலை. மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய். எக்ஸ்ரேக்களைச் சேர்த்து எண்ண ஆள் இருந்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

இனி 2025க்கு வருவோம். ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்கச் சுகாதாரத் துறையில் சுமார் 10,000 பேருக்குப் பணிநீக்க அறிவிப்பு போனது. துறையின் மொத்த ஆட்களை 82,000இலிருந்து 62,000ஆகக் குறைப்பதுதான் திட்டம். நயோஷில் மிகப் பெரும்பாலோர் பட்டியலில் இருந்தார்கள், மார்கன்டவுன் அலுவலகத்தில் எக்ஸ்ரே வேலை பார்த்தவர்களும்தான். சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 8இல், நிலக்கரித் தொழிலை வளர்க்கப்போவதாக அதே அரசு ஆணைகள் போட்டது. சுரங்கத் தொழிலாளர்களைப் பின்னால் நிற்கவைத்துத்தான் அதிபர் கையெழுத்திட்டார்.

எக்ஸ்ரே வண்டி நின்றது. ஏற்கெனவே அனுப்பிய படங்களைப் பார்க்க ஆளில்லை. நோய் இருக்கிறது என்று நயோஷ் சான்று தராமல் மாற்றல் கேட்க முடியாது. அதாவது உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுக்கிற கை இல்லை.

அப்போதுதான் மேற்கு வெர்ஜீனியாவில் ஒரு சுரங்கத் தொழிலாளி வழக்குத் தொடுத்தார். அவருக்கும் நோயின் தொடக்க அறிகுறி இருந்தது, மாற்றலுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார். தனக்காக மட்டுமல்ல, தன்னைப் போன்ற எல்லாத் தொழிலாளர்களுக்காகவும் கேட்டார். பணிநீக்கப் பட்டியலில் இருந்த ஆய்வாளரே கூண்டேறிச் சாட்சி சொன்னார். மே 13இல் நீதிபதி ஐரீன் பெர்கர் இடைக்கால உத்தரவு போட்டார்: நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கட்டாயமாக்கிய வேலையைத் துறை தன் விருப்பத்துக்கு நிறுத்த முடியாது, அந்தச் சுவாச நலப் பிரிவு ஊழியர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். மறுநாள் நாடாளுமன்றக் குழுவின் முன், நயோஷில் 328 பேரைத் திரும்ப எடுப்பதாக அமைச்சர் கென்னடி சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கே அரசு ஊழியர் தன் பணிநீக்கத்தை எதிர்த்து நேராக நீதிமன்றம் போவது எளிதல்ல, மேல்முறையீட்டு வாரியம் என்ற நீண்ட வழி இருக்கிறது. இங்கே வழக்குப் போட்டவர் வேலை இழந்தவர் அல்ல, அந்த வேலையால் பயன்பெற்றவர். "எனக்குச் சேர வேண்டியது எனக்கு வரவில்லை" என்று அவர் சொல்ல முடிந்தது. எப்படி முடிந்தது? 1969 சட்டத்தில் எக்ஸ்ரே எடுக்க 'வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள், 'எடுக்கலாம்' என்று அல்ல. இலக்கண வகுப்பில் 'வேண்டும்', 'லாம்' வேறுபாடு எதற்கு என்று கொட்டாவி விட்டவர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் 40,000 பேர் மூன்று வாரம் கூலியை இழந்தார்கள்.

அந்தச் சொல் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஏப்ரல் 1இல், குழந்தைகளின் ஈய நஞ்சைக் கவனித்த மத்திய அரசுக் குழுவுக்கும் வேலை போனது. அந்த நேரத்தில் மில்வாக்கி நகரத்தில் பழைய பள்ளிக் கட்டடங்களின் பெயிண்டில் இருந்த ஈயத்தால் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நகரம் உதவி கேட்டது. அதற்கான ஆட்கள் இல்லாததால் உதவ முடியாது என்று பதில் வந்தது. அந்தக் குழந்தைகளின் கையில் 1969 சட்டம் போல ஒன்று இருக்கவில்லை.

சுகாதாரப் பணியாளரின் வேலையில் உள்ள சங்கடம் இதுதான். பாலம் கட்டினவர் பாலத்தைக் காட்டலாம். நோய் வராமல் தடுத்தவர் எதைக் காட்டுவார்? வராத நோய்க்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அதனால் ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் கண்ணில் படுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களே தங்களுக்காகப் பேசினால், "வேலைக்காகப் பேசுகிறார்கள்" என்பார்கள். பயன்பெற்றவர் பேசினால் அப்படிச் சொல்ல முடியாது. மருத்துவர்கள் 1969இல் தொழிலாளர்களுக்காக நின்றார்கள், 56 ஆண்டு கழித்து ஒரு தொழிலாளி சுகாதார ஊழியர்களுக்காக நின்றார். நான் படித்த வரலாற்றில் கடன் இவ்வளவு நேர்த்தியாகத் திரும்பி வந்த இடங்கள் அதிகம் இல்லை.

உங்கள் தெருவுக்கு வரும் கிராமச் சுகாதார செவிலியரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கொசுப்புழு பார்க்கத் தொட்டி மூடியைத் திறக்கச் சொல்பவரின் பெயர்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் அடுத்த முறை அவர் வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள். சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் உங்கள் அனுபவங்களை எழுதினால் எல்லோரும் படிப்போம்.

அனைவரும் நலமாக இருங்கள்.