மாதிரி விமானங்கள்: 1:72 அளவின் வரலாறு

உண்மையான ஒரு விமானத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, பாகம் பாகமாக ஒட்டி, வண்ணம் தீட்டி, காட்சிக்கு வைக்கும் பொழுதுபோக்கே மாதிரி விமானம் கட்டுதல். இந்த மாதிரிகள் பறப்பதில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தவர்களுக்குப் பறக்கவிடும் மாதிரிகள் பழக்கமாயிருக்கும். இங்கே சொல்லப்படுவது அலமாரியில் நிற்கும் மாதிரிகளைப் பற்றி.

இவற்றுக்குப் பல அளவுகள் உண்டு. கால் அங்குலத்தை ஓர் அடியாகக் கொண்டால் 1:48. ஓர் அங்குலத்தை ஆறு அடியாகக் கொண்டால் 1:72. ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரத்தில் நிற்பான் என்பதால் இரண்டாவது கணக்கு மனத்தில் எளிதாக நிற்கும். 36 அடி 10 அங்குல இறக்கை அகலம் கொண்ட ஸ்பிட்ஃபயர் போர் விமானம் இந்த அளவில் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், உள்ளங்கையில் அடங்கும். 102 அடி அகலமுள்ள லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 17 அங்குலம் வரும். அதையும் ஒரு மேசையில் வைக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எத்தனை பெரியது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

இந்த எண் உலகெங்கும் நிலைபெறக் கணக்கின் எளிமை மட்டும் காரணமில்லை. போர்க்காலத்தில் தன் விமானம் எது, எதிரி விமானம் எது என்று அறிய வேண்டிய கட்டாயமே இதை நிலைநிறுத்தியது.

மரமும் முதல் பிளாஸ்டிக்கும்

1932இல் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மாதிரித் தொகுப்புகள் விற்பனைக்கு வந்தன. ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இவற்றில் ஓரளவு செதுக்கிய மரத்துண்டுகளும் சிறிய உலோக வார்ப்புகளும் இருக்கும். வாங்கியவர் கத்தியாலும் உப்புத்தாளாலும் தேய்த்து உருவத்தை முடிக்க வேண்டும். எல்லா விமானங்களையும் ஒரே 1:72 அளவில் கொடுத்ததுதான் ஸ்கைபேர்ட்ஸ் செய்த பெரிய காரியம். அதற்கு முன் ஒவ்வொரு பொம்மையும் ஒவ்வோர் அளவு.

1936இல் ஃப்ராக் நிறுவனம் பென்குயின் வரிசையை வெளியிட்டது. இந்நிறுவனம் ஏற்கெனவே பறக்கும் பொம்மை விமானங்களுக்குப் பெயர் பெற்றது. பறக்காத இந்த மாதிரிகளுக்குப் பறக்காத பறவையின் பெயரை வைத்தது நல்ல நகைச்சுவை. பாகங்கள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அளவு இங்கும் 1:72. முழுதும் பிளாஸ்டிக்கில் வந்த மாதிரி விமானத் தொகுப்புகளின் வரலாறு இங்கிருந்தே எழுதப்படுகிறது. ஆனால் அசிடேட் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். அக்கால மாதிரிகளில் இன்று எஞ்சியவற்றின் இறக்கைகள் பெரும்பாலும் அப்பளம்போல் வளைந்திருக்கின்றன.

அடையாளம் தவறினால்

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. மூன்றாம் நாள், செப்டம்பர் 6 காலை, எதிரி விமானங்கள் வருவதாகத் தவறான எச்சரிக்கை எழுந்தது. 56ஆம் அணியின் ஹரிக்கேன்கள் மேலெழும்பின. பின்னால் வந்த 74ஆம் அணியின் ஸ்பிட்ஃபயர்கள் அவற்றை ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என எண்ணிச் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. ஒரு விமானி இறந்தார். ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் சுட்டு வீழ்த்தியது தன் நாட்டு விமானத்தைத்தான். சுட்ட இரு விமானிகளும் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டனர். இச்சம்பவம் பார்க்கிங் கிரீக் சண்டை என்று கசப்பான கேலியோடு அழைக்கப்படுகிறது.

மூன்றுமே ஒற்றை எஞ்சின், ஒற்றை அடுக்கு இறக்கை கொண்டவை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்ட வடிவம். ஹரிக்கேனின் இறக்கை தடிப்பானது; எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் வயிற்றின் நடுவில் தொங்கும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் அன்றைய இறக்கை முனைகள் வெட்டினாற்போல் இருக்கும். புத்தகத்தில் பார்த்தால் குழப்பமே வராது. ஆனால் சாய்வாக, எதிர்வெயிலில், இரண்டு விநாடி மட்டும் தெரியும் உருவத்தை அடையாளம் காண்பது வேறு. பக்கத்தோற்றம், மேல்தோற்றம், முன்தோற்றம் என்ற மூன்று படங்களை மனப்பாடம் செய்தவருக்கும் இடைப்பட்ட கோணத்தில் அடையாளம் தப்பும். கையில் திருப்பிப் பார்க்கத்தக்க மாதிரியே எல்லாக் கோணங்களையும் கற்றுத்தந்தது.

பள்ளிகளில் செதுக்கிய விமானங்கள்

1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000, ஆக மொத்தம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளின் கைத்தொழில் வகுப்புகள் இதை ஏற்றுக்கொண்டன. வரைபடங்களும் அட்டையில் வெட்டும் வார்ப்புருக்களும் அனுப்பப்பட்டன. மாணவர் மென்மரத்தைச் செதுக்கி, உடற்பகுதியின் பல இடங்களில் வார்ப்புருவை வைத்துப் பார்த்து, இடைவெளி இல்லாதவரை தேய்க்க வேண்டும். சரியில்லாத மாதிரி தேர்வில் கழிக்கப்படும். தேறியவருக்குக் கடற்படைப் பதவிகளைப் போன்ற பட்டங்களுடன் சான்றிதழ் கிடைத்தது. கைவேலைப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுத்துவிடும் பள்ளிகள் இந்த வரலாற்றைக் கவனிக்கலாம். விகிதமும் வடிவியலும் அங்கே உப்புத்தாளில் நடத்தப்பட்டன.

இவற்றின் அளவும் 1:72தான். 35 அடி தொலைவில் மாதிரியைத் தொங்கவிட்டால், 35ஐ 72ஆல் பெருக்க 2,520 அடி, அதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம்போல் தெரியும். ஒரு வகுப்பறையின் நீளத்திற்குள் பீரங்கி வீரனுக்குப் பயிற்சி கொடுத்துவிடலாம். வண்ணம் முழுவதும் பளபளப்பற்ற கறுப்பு. வானத்தின் ஒளிக்கு எதிரே விமானம் நிழலுருவாகத்தான் தெரியும்; நிறத்தை நம்பிப் பழகினால் ஏமாற வேண்டிவரும்.

சிகாகோவின் குரூவர் நிறுவனம் இதே பணிக்குப் பிளாஸ்டிக் மாதிரிகளைத் தயாரித்தது. பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனமும் படைகளுக்கு அடையாள மாதிரிகளைச் செய்து கொடுத்தது. போர் முடிந்தபோது, 1:72 அளவில் விமானங்களைப் பார்த்தும் செதுக்கியும் பழகிய ஒரு தலைமுறை பெரியவர்களாகியிருந்தது.

பையில் வந்த ஸ்பிட்ஃபயர்

ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தை 1939இல் தொடங்கியவர் ஹங்கேரியில் பிறந்த நிக்கோலஸ் கோவ். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், பின்னர் சீப்புகள் என்று தொழில் நடந்தது. 1947இல் அச்சுக்குள் பிளாஸ்டிக்கைப் பாய்ச்சும் இயந்திரத்தை வாங்கினார். 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் விற்பனையாளர்களுக்காக ஒரு சிறு டிராக்டர் மாதிரி செய்தார்கள். 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற பாய்க்கப்பல், உல்வொர்த் கடைகளுக்காக, ஒட்டப்படாத பாகங்களாகப் பிளாஸ்டிக் பையில் வந்தது. விலை இரண்டு ஷில்லிங். 1950களின் நடுப்பகுதியில் அதே விதமாக ஸ்பிட்ஃபயர் வந்தது. உருவத் துல்லியத்தில் அது மிகச் சுமாரான மாதிரி. ஆனாலும் சிறுவரின் கைச்செலவுப் பணத்தில் வாங்க முடிந்தது, அதுவே போதுமானதாயிருந்தது.

இக்காலத்து மாதிரிகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அசிடேட்டைப்போல் இது முறுக்கிக்கொள்ளாது. இதற்கான பசை உண்மையில் கரைப்பான். ஒட்டும் இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் பிரிக்க முடியாது. ஒட்டிய இடத்தின் பிளவைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பிரைமர் அடிப்பது வீட்டுச் சுவருக்கும் மாதிரி விமானத்துக்கும் பொதுவான வேலை.

அமெரிக்க நிறுவனங்கள் பல அக்காலத்தில் பெட்டியின் அளவுக்கேற்ப விமானத்தைச் சுருக்கின. அதனால் போர் விமானமும் பயணிகள் விமானமும் ஒரே நீளத்தில் இருக்கும். ஏர்ஃபிக்ஸும் ஃப்ராகும் 1:72ஐ விடாமல் பிடித்துக்கொண்டதால், பின்னர் ஜப்பானிலும் பிற நாடுகளிலும் எழுந்த நிறுவனங்களும் அந்த அளவை ஏற்றன.

விமானத்தைவிட அச்சுக்கு ஆயுள் அதிகம். 1970களில் ஃப்ராக் மூடப்பட்டபோது அதன் எஃகு அச்சுகள் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, நோவோ என்ற பெயரில் மாதிரிகளாக வந்தன. ஜெர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை ரெவெல் நிறுவனத்துக்குப் போயின. ஏர்ஃபிக்ஸ் 1981இல் நொடித்து, கைமாறி, 1986இல் ஹம்ப்ரால் வண்ண நிறுவனத்திடமும் 2006இல் ஹார்ன்பியிடமும் சேர்ந்தது. 2010களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

வண்ணம்

கறுப்பு மாதிரிகளைச் செய்த தலைமுறைக்கு உருவம் போதும். அடுத்துவந்தவர்களுக்கு வண்ணமும் வேண்டியிருந்தது. 1919இல் ஹல் நகரில் ஹம்பர் ஆயில் கம்பெனி என்று தொடங்கிய நிறுவனமே பின்னர் ஹம்ப்ரால் ஆயிற்று. அதன் குட்டி டப்பாக்களின் எண்களைக் கட்டுநர்கள் வாய்ப்பாடுபோல் ஒப்பிப்பார்கள். ஆனால் சரியான டப்பாவைத் திறந்து தீட்டினாலும் மாதிரி உண்மையைவிடக் கருமையாகத் தெரிவதுண்டு. ஓர் அடி தூரத்தில் பார்க்கும் 1:72 மாதிரி, 72 அடி தூரத்து விமானத்துக்குச் சமம். அத்தனை தூரத்தில் நிறம் சற்று வெளிறும் என்பதால் பலர் ஒரு சொட்டு வெள்ளை கலக்கிறார்கள். இதை ஒப்பாதவர்களும் உண்டு.

பழைய புகைப்படங்களை நம்புவதிலும் சிக்கல். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய கறுப்புவெள்ளைப் படச்சுருள் சிவப்பொளியை உணராது. அதில் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும், மஞ்சள் அடர்ந்தும், நீலம் வெளிறியும் விழும். முதல் உலகப்போர் விமானங்களின் நிறம் பற்றிய பல சண்டைகளுக்கு இதுவே மூலம்.

நிறம் அழகுக்காகப் பூசப்பட்டதல்ல என்பதை நினைவில் வைத்தால் பல ஐயங்கள் தீரும். போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் பலவற்றின் அடிப்பகுதி இடப்பாதி கறுப்பு, வலப்பாதி வெள்ளை. தரையிலிருந்து பார்ப்பவர் தம்முடையது என அறிந்து சுடாமல் இருக்கவே இந்த விநோதம். 1940 ஜூன் முதல் அது மாறி, ஸ்கை என்ற வெளிர்பச்சை வந்தது. ஆகவே 1940ஆம் ஆண்டு விமானம் ஒன்றைத் தீட்டுபவர் எந்த மாதம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

1943 ஜூலை 11 இரவு, சிசிலியில் தம் வீரர்களை ஏற்றிவந்த 144 போக்குவரத்து விமானங்களில் 23ஐ நேசநாட்டுப் பீரங்கிகளே வீழ்த்தின. இரவில் எந்த மாதிரிப் பயிற்சியும் உதவவில்லை. மறுஆண்டு நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு என மாறிமாறி ஐந்து பட்டைகள் தீட்ட உத்தரவாயிற்று. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒரு பட்டை 18 அங்குலம். 1:72இல் சரியாகக் கால் அங்குலம். மாஸ்கிங் டேப் ஒட்டி மயிரிழை பிசகாமல் இப்பட்டைகளைத் தீட்டுவதில் இன்றைய கட்டுநர்களுக்குப் பெருமை. ஆனால் இரகசியம் காக்கக் கடைசி ஓரிரு நாளில் வந்த உத்தரவு அது. தரைப்படையினர் கிடைத்த தூரிகையால் அவசரமாக இழுத்தார்கள். பல விமானங்களில் பட்டை கோணலாகவே இருந்தது. மிகவும் நேராக வந்துவிட்ட பட்டை இங்கே பிழையாகிவிடுகிறது.

சென்னை மாகாணத்தின் பெயரில்

பிரிட்டிஷ் வான்படையின் 79, 234, 264ஆம் அணிகளுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் அடைமொழியாகச் சேர்க்கப்பட்டது. போருக்காக மாகாணம் அளித்த நிதிக்கு அடையாளம் அது. இவற்றில் 264ஆம் அணியின் கதை அடையாளக் குழப்பத்தின் கதையேதான். அவ்வணி ஓட்டியது டிஃபையன்ட். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுட ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஹரிக்கேன்போல் இருக்கும். 1940 மே 29 அன்று டன்கர்க்கின் மேல், ஹரிக்கேன் என்றெண்ணிப் பின்புறமாக நெருங்கிய ஜெர்மானியர் கூண்டுத் துப்பாக்கிகளின் நேர் முன்னே வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அணி உரிமை கோரியது. போருக்குப்பின் பார்த்த ஜெர்மானிய ஆவணங்கள் அவ்வளவு இழப்பைக் காட்டவில்லை. எதிரிகள் சில வாரங்களில் வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டனர். முன்னும் கீழுமாகத் தாக்கியபோது டிஃபையன்டிடம் மறுமொழி இல்லை. ஆகஸ்ட் இறுதியில் பல வீரர்களை இழந்து, அணி பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு அது இரவு விமானங்களைக் கொண்ட அணியாயிற்று.

ஏர்ஃபிக்ஸ் டிஃபையன்டின் புதிய 1:72 தொகுப்பை 2015இல் வெளியிட்டது. டன்கர்க் நாளின் விமானத்தைச் செய்பவர் உடலில் பி.எஸ். என்ற அணி எழுத்துகளை ஒட்டி, மேலே பழுப்பும் பச்சையும் தீட்டி, அடியில் கறுப்பு வெள்ளையைப் பிரிக்க வேண்டும். இரவு விமானத்தைச் செய்பவருக்குக் கறுப்பு ஒரு டப்பா போதும்.