எழுத்துக்கு ஏது இனம்?

சாலையில் விரையும் மோட்டார் வண்டியைக் காண்கிறோம். அதன் முன்னும் பின்னும் பூட்டிய எண் தகட்டையும் காண்கிறோம்; கண்ட மறுகணமே மறந்தும் விடுகிறோம். கோட்டைக்கு வரலாறு உண்டு, கொற்றவன் வாளுக்கு வரலாறு உண்டு. ஒரு சாண் உயரமும் இல்லாத தகட்டுக்கு வரலாறு எதற்கு என்று கேட்போர் இருக்கக்கூடும். இருக்கிறது, நண்பர்களே! ஓர் அரசு தன் மக்களை எப்படி மதித்தது என்பதை அந்தத் தகடு காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஜெர்மனியின் தகடுகளை எடுத்துக் கொள்வோம்.

தகட்டின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1893 ஆகஸ்டுத் திங்களில் பாரிசு நகரக் காவல்துறை, மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எண்ணும் பொறித்த தகட்டைத் தாங்க வேண்டுமென ஆணையிட்டது. குதிரை வண்டிக்காரன் யாரென்று ஊருக்குத் தெரியும்; புழுதி கிளப்பி மறையும் மோட்டாருக்கு உடையவன் யார்? செல்வர் மட்டுமே மோட்டார் வைத்திருந்த காலம் அது. மோதிவிட்டுப் பறந்துபோகும் சீமானை, தெருவில் நடந்து செல்பவன் அடையாளம் சொல்ல ஒரு வழி வேண்டுமன்றோ? அந்த வழிதான் எண் தகடு. எளியவன் கையில் கிடைத்த சாட்சியம் அது.

ஜெர்மானியப் பேரரசு 1906இல் நாடு முழுமைக்கும் பொது முறை ஒன்றை வகுத்தது. பிரஷ்யாவுக்கு உரோமன் எண் ஒன்று, பவேரியாவுக்கு இரண்டு, வூர்ட்டம்பர்க்குக்கு மூன்று, பாடனுக்கு நான்கு. பிரஷ்யாவின் எண்ணோடு ‘ஏ’ சேர்ந்தால் பெர்லின் நகர வண்டி. பேரரசின் மணிமுடி அந்நாளில் பிரஷ்ய மன்னன் தலையில் இருந்தது. ஆகவே முதல் எண்ணும் பிரஷ்யாவுக்கே போயிற்று!

எழுத்து வடிவத்தின் கதையோ அரண்மனையில் பிறக்கவில்லை. இரயில் பாதையில் பிறந்தது. பிரஷ்ய இரயில்வே 1905ஆம் ஆண்டளவில், வண்டிகளிலும் நிலையங்களிலும் எழுதுவதற்கென அணியும் வளைவும் நீக்கிய எளிய எழுத்து ஒன்றை வரையறுத்தது. அளவுகோலும் கவராயமும் கொண்டு எந்தத் தொழிலாளியும் வரைந்துவிடக்கூடிய எழுத்து அது. அதன் வழிவந்த வடிவத்தை ஜெர்மானியத் தர அமைப்பு 1931இல் முன்வரைவாகவும் 1936இல் முழுத் தரமாகவும் வெளியிட்டது. ‘டின் 1451’ என்பது அதன் பெயர். சாலைப் பலகைகளிலும் பின்னாளில் வண்டித் தகடுகளிலும் ஆட்சி செய்தது இதுவே.

தொழிலாளியின் கை எழுத்தை எளிதாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், வெறியர் கூட்டமொன்று எழுத்துக்கு இனம் தேடிக்கொண்டிருந்தது. 1933இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள், ‘பிராக்டூர்’ எனப்படும் முறுக்கெழுத்தே ஜெர்மானியரின் தூய எழுத்து என்று முழங்கினர். ஆண்டுகள் எட்டுதான் சென்றன. 1941 சனவரி 3ஆம் நாள், ஹிட்லரின் சார்பில் மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். நேற்றுவரை தூய ஜெர்மானிய எழுத்தாக இருந்தது, அன்று காலை முதல் ‘யூத எழுத்து’ ஆகிவிட்டது! இலத்தீன் எழுத்தே இனி இயல்பெழுத்து என்பது ஆணை.

உண்மை என்ன? பிராக்டூர் எழுத்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் காலத்தில் உருப்பெற்றது. அதை யூதர் படைத்தனர் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிறகு ஏன் இந்தத் தலைகீழ் மாற்றம்? படைகொண்டு பிடித்த நாடுகளின் மக்களுக்கு அந்த எழுத்தைப் படிப்பது கடினமாக இருந்தது. ஆணையிட வந்தவனின் ஆணையைப் படிக்க ஆளில்லை! அந்த இடர்ப்பாட்டை ஒப்புக்கொள்ள மனமின்றி, பழியை யூதர் தலையில் போட்டனர். ஆதிக்கக்காரன் அறிவை இழந்தால், அச்சுக்கோக்கும் ஈயத் துண்டுக்கும் இனப் பட்டம் சூட்டுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எழுத்தோடு நின்றதா அவர்கள் வெறி? 1938இல் பெர்லின் நகரில் யூதரின் வண்டிகளுக்கெனத் தனி எண் வரிசை ஒதுக்கப்பட்டது. எளியவனுக்குச் சாட்சியாகப் பிறந்த எண் தகடு, தெருவில் செல்பவரைத் தனியே பிரித்துக் காட்டும் சூடாக மாறியது. அவ்வாண்டு திசம்பர் 3ஆம் நாள், யூதர் வண்டி ஓட்டும் உரிமமும் வண்டிப் பதிவுச் சான்றும் செல்லாதென ஹிம்லர் ஆணை பிறப்பித்தார். டிரெஸ்டன் நகரில் மொழி அறிஞராக விளங்கிய விக்டர் கிளெம்பெரர், யூதக் குடும்பத்தில் பிறந்த ஒரே காரணத்தால் பேராசிரியர் பதவியை முன்பே இழந்தவர். அந்த ஆணையால் ஓட்டுநர் உரிமத்தையும் இழந்தார். நாஜிகள் மொழியை எவ்வாறு நஞ்சாக்கினர் என்பதைக் குறித்துவைத்து 1947இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. முதலில் எண்ணைப் பிரித்தார்கள். பிறகு வண்டியைப் பறித்தார்கள். அதன்பின் உயிரையே பறித்தார்கள். இந்த வரிசையை நாம் மறக்கலாகாது.

போர் முடிந்தது, கொடுங்கோல் சரிந்தது. மேற்கு ஜெர்மனி 1956இல் புதிய முறையைக் கொண்டுவந்தது. ஊரின் பெயரிலிருந்து எடுத்த ஓரெழுத்தோ, ஈரெழுத்தோ, மூவெழுத்தோ முதலில் வரும். மூனிக் போன்ற பெருநகருக்கு ஓரெழுத்து. சிறு வட்டாரத்துக்கு மூன்றெழுத்து. இங்கும் பெரியவன், சிறியவன் என்ற படிக்கட்டு நுழைந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டா. வண்டி மிகுந்த ஊருக்கு எண்கள் மிகுதியாக வேண்டும். தகட்டிலோ இடம் குறைவு. ஆகவே ஊர்க்குறி சுருங்கிற்று. கணக்கு வகுத்த முறை அது. பிரிந்து கிடந்த கிழக்குப் பகுதியின் ஊர்களுக்கும் குறிகளை எண்ணி வைத்திருந்தனர். 1990இல் நாடு இணைந்தபின் லைப்சிக் நகரம் தனக்குரிய ‘எல்’ எழுத்தைப் பெற்றது.

எளிய எழுத்திலும் ஒரு குறை இருந்தது. ஒரே அளவில், ஒரே வளைவில் அமைந்த எழுத்துகளாதலால், சிறிது கறுப்பு மையோ நாடாவோ போதும்: ‘பி’ என்பதற்கு ஒரு கால் சேர்த்தால் ‘ஆர்’, ‘எஃப்’ என்பதற்கு அடிக்கோடு இட்டால் ‘ஈ’, மூன்றின் இடப்பக்கத்தை மூடினால் எட்டு! 1977இல் ‘செம்படைப் பிரிவு’ என்னும் வன்முறைக் குழுவினர் தலைமை அரசு வழக்கறிஞர் சீக்ஃபிரீட் பூபாக்கைச் சுட்டுக் கொன்றனர். தொழிலதிபர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையரைக் கடத்திக் கொன்றனர். நாடே நடுங்கிய அந்தச் சூழலில், திருத்த முடியாத எழுத்து வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

அந்தப் பணி கார்ல்கியோர்க் ஹோஃபர் என்ற எழுத்துக் கலைஞரிடம் வந்தது. 1978 முதல் 1980 வரை அவர் வரைந்தார். கீசன் பல்கலைக் கழகத்தில் எழுத்துகள் படிக்க எளியனவா என்று ஆய்ந்தனர். ஒன்றின் சாயல் மற்றொன்றில் இல்லாதபடி ஒவ்வோர் எழுத்தையும் தனியே சமைத்தார் அவர். ‘பி’யின் வளைவு வேறு, ‘ஆர்’இன் வளைவு வேறு, ‘ஓ’வின் வடிவம் வேறு, சுழியின் வடிவம் வேறு. கோடொன்று கூட்டினால் எழுத்து மாறாது, திருட்டுத்தான் வெளிப்படும்! அழகெழுத்தில் கைதேர்ந்த கலைஞர், ஒத்திசைவு என்னும் அழகையே துறந்து, பயனைக் கருதிக் கோணலாக வரைந்தார். 1990களின் நடுவில் அவை தகட்டில் ஏறின. 2000 நவம்பர் முதல் புதிய தகடுகளுக்குக் கட்டாயமாயின. பின்னாளில் பிரேசில், அர்ஜென்டினா முதலிய நாடுகளும் இவ்வடிவத்தை மேற்கொண்டன.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறமாட்டோம். அதே நிறம், அதே வகை வண்டி ஒன்றின் எண்ணை முழுமையாகப் படியெடுத்து வேறு தகடு செய்வதும் அந்த வன்முறைக் குழுவின் உத்திகளில் ஒன்று. அதற்கு எழுத்தின் வடிவம் தடையாகாது. கருவிக்கு எல்லை உண்டென்று அறிவதும் பகுத்தறிவே. மற்றொன்று: மனிதக் கண் படிக்க எளிதான தகட்டை எந்திரக் கண்ணும் படிக்கும். சாலையில் செல்வோர் தகடுகளையெல்லாம் எந்திரம் கொண்டு படித்துச் சரிபார்க்க மாநிலங்கள் சில முனைந்தன. ஹெஸ்ஸென், ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் மாநிலங்களின் அத்தகைய சட்டங்களை 2008 மார்ச்சு 11ஆம் நாள் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 1938ஐக் கண்ட மண், தகட்டைக் கண்டு அஞ்சக் கற்றிருந்தது நியாயமே.

இன்னொரு செய்தி. ‘எஸ் எஸ்’, ‘எஸ் ஏ’, ‘என் எஸ்’, ‘கே இசட்’ ஆகிய எழுத்துக் கூட்டுகளை ஜெர்மனியில் வண்டிகளுக்கு வழங்குவதில்லை. கொலைப்படை, அடியாள் படை, நாஜிக் கொள்கை, வதைமுகாம் ஆகியவற்றின் சுருக்கங்கள் அவை. ‘பதின்மூன்று ஆகாது’ என்பவனின் மூடநம்பிக்கையும் இதுவும் ஒன்றுதானே என்று குறும்பாகக் கேட்பார் உளர். அன்று! எண்ணுக்குள் பேய் இருப்பதாக நம்புவது மூடத்தனம். எழுத்துக்குள் எதுவும் இல்லை என்று அறிந்தும், கொலைகாரனின் முத்திரையை அரசே அடித்துத் தரலாகாது என்று மறுப்பது மானமுள்ள நினைவு. முன்னதில் அச்சம் பேசுகிறது. பின்னதில் நீதி பேசுகிறது.

எழுத்துக்குக் குலம் இல்லை, கோத்திரம் இல்லை, இனம் இல்லை. படிக்கத் தெரிகிறதா, பயன் யாருக்கு என்ற இரண்டே கேள்விகள்தாம் உண்டு. ‘இது தூய எழுத்து, அது தீட்டு எழுத்து’ என்று எவர் எந்நாட்டில் கூறினும், இளைஞர்களே, எழுத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்; கூறுபவரின் கையைப் பாருங்கள். எழுத்தைப் பிரிக்கும் கை, அடுத்து மனிதரைப் பிரிக்க நீளும். நீளும்போதே அதைத் தடுப்பது நம் கடன்.