பனிக்கடலில் காவல் செலவு

மஞ்சூரில் உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கும்போதெல்லாம், பனியிலிருந்து காக்க ஆகும் செலவை எண்ணிப் பார்க்கிறேன். 2004 ஆகஸ்டில், வடதுருவத்திலிருந்து சுமார் 250 கி.மீ. தொலைவில், ‘விடார் வைக்கிங்’ கப்பல் ஆய்வுக்காகக் கடலடியைத் துளையிட்டது. மிதந்துவரும் பனிப்பாளங்கள் கப்பலைத் தள்ளிவிட்டால் துளைக்குழாய் முறியக்கூடும். எனவே, பனி வரும் திசையில் ரஷ்யாவின் அணுசக்திக் கப்பல் ‘சோவெட்ஸ்கி சோயுஸ்’ பெரும்பாளங்களைப் பிளந்தது. சுவீடனின் ‘ஓடன்’ அவற்றைச் சிறு துண்டுகளாக்கியது. துளையிட ஒரு கப்பல், காவலுக்கு இரண்டு!

நமது பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ், 2001இல் ரஷ்யாவின் சகாலின்-1 எண்ணெய்த் திட்டத்தில் 20 சதவீதப் பங்கு வாங்கியது. அங்கும் குளிர்காலத்தில் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பனியுடைப்புக் கப்பல்களே வழிதிறக்கின்றன. பனிக்கடல் எண்ணெயில் பொதுப்பணத்தை முதலிடும் முன், இக்காவல் செலவையும் சேர்த்தே லாபத்தைக் கணக்கிட வேண்டும்.