லொஸ் ஏஞ்சல்ஸ் புகைக்கு யார் பொறுப்பு?

1943 யூலை. லொஸ் ஏஞ்சல்ஸைப் புகை மூடியது. சனத்துக்குக் கண் எரிஞ்சது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம்தானே, யப்பான் நச்சுவாயு அடிச்சிட்டுது என்றுகூடச் சிலர் பயந்தார்களாம். பிறகு பழி அலிசோ வீதியில் செயற்கை றப்பருக்கு மூலப்பொருள் செய்த ஆலையில் விழுந்தது. ஆலையை மூடிப் பார்த்தார்கள். புகை போகேல்லை.

அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த இரசாயனவியலாளர் ஹாகன் ஸ்மித்தான் 1950களின் தொடக்கத்தில் விடையைக் காட்டினார்: கார்களும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் வாயுக்கள் வெயில் பட்டு ஓசோனை உண்டாக்குகின்றன. நகரத்து ரயர்களில் வெடிப்பு விழுத்தியதும் அதே ஓசோன்தான். எண்ணெய்க் கம்பனிகள் காசு கொடுத்த ஆய்வாளர்கள் அவரோடு மல்லுக்கட்டினார்கள்.

ஆலையை மூடச் சொல்லக் கூட்டம் சேர்ந்த நகரத்தில், சொந்தக் காரைப் பற்றிக் கதைக்க ஆள் குறைவு. எங்களுக்கு உறைப்பது இதுதான். நச்சுவாயுவைக் குறைக்கும் வினையூக்கிக் கருவி புதுக் கார்களில் பரவலாக வந்தது 1975 மொடல்களோடுதான். 32 வருசம் கழிச்சு.