பெயரில்லாக் கணினியின் பூர்வீகம்
1980களில் தைவானில் உருவான, பெயரே இல்லாத ஆப்பிள் II நகல்களை அடையாளம் காண வெளிப்பெட்டியை நம்பக் கூடாது. ரோம் சிப்பைப் படிக்க வேண்டும். நகலெடுத்தவர்கள் மூலத்தின் தடயத்தையும் சேர்த்தே எடுத்தார்கள். ஆப்பிள் II நகலான பிராங்க்ளின் ஏஸ் கணினிக்கான நிரல்களில் ஒன்றில் ஆப்பிள் நிரலாளர் ஜேம்ஸ் ஹஸ்டனின் பெயரும் இன்னொன்றில் ‘ஆப்பிள்சாப்ட்’ என்ற சொல்லும் அப்படியே கிடந்தன. ரோமில் உள்ள நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஆப்பிள் பிராங்க்ளின் மீது தொடுத்த வழக்கில்தான்.

ரோமைப் பிற்பாடு மாற்றியிருக்கலாமே என்பது நியாயமான ஐயம். அதற்குப் போர்டே பதில் சொல்லும். சிப்பின் முதுகில் 8327 என்றிருந்தால் அது தயாரானது 1983, 27ஆம் வாரம். தொழிற்சாலைப் பற்றவைப்பு கலையாத சிப்புகளில் ஆகப் பிந்திய தேதிக்கு முன்னால் அந்தப் போர்டு பிறந்திருக்க முடியாது. மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்ற அவசரத்தைத்தான் ஏற்க முடியவில்லை; பழைய பவர் சப்ளை எகிறினால் சாட்சியமே கருகிவிடும். முதலில் ரோமைப் பிரதியெடுத்து, பிறகு சப்ளையைத் தனியே கழற்றிச் சுமை கொடுத்து, 5 வோல்ட் நிலையாக வருகிறதா என்று அளக்க வேண்டும்.